ரிப்போர்ட்டில் 'எஃப் 83': குழந்தைகளின் கலப்பு வளர்ச்சிக் கோளாறு என்பது என்ன?

பிள்ளைக்கு ஆறு வயது. பேச்சு இன்னும் தெளியவில்லை, சட்டைப் பட்டன் போடத் தெரியவில்லை, எழுத்துக்களை நேற்றுப் படித்தால் இன்று மறந்துவிடுகிறது. டாக்டர், ஸ்பீச் தெரபிஸ்ட், ஓ.டி. (அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்), சைக்காலஜிஸ்ட் என்று நான்கு அறைகளில் ஏறி இறங்கிய பிறகு ஆறேழு பக்க ரிப்போர்ட் ஒன்று கைக்கு வருகிறது. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'மிக்ஸ்டு ஸ்பெசிஃபிக் டெவலப்மென்டல் டிஸார்டர், எஃப் 83'.

பெற்றோரைக் குழப்புவது அந்த 'மிக்ஸ்டு'தான். ஆட்டிசம் கொஞ்சம், மூளை வளர்ச்சிக் குறைவு கொஞ்சம் என்று கலந்து கிடக்கிறதா? என்ன வியாதி என்று டாக்டருக்கே பிடிபடவில்லையா? பள்ளியில் காட்டினால் அவர்களுக்கும் புரிவதில்லை. சான்றிதழ் வாங்கப் போனால் "இந்தப் பேரு எங்க லிஸ்ட்லயே இல்லையே" என்கிறார்கள். அந்த வரி எங்கிருந்து வந்தது, எதைச் சொல்கிறது, எந்த இடத்தில் அது பிள்ளையைக் கைவிடுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

குறியீடு பிறந்த இடம்

உலக சுகாதார நிறுவனம் நோய்களை வகைப்படுத்திப் பெரிய பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதன் பத்தாவது பதிப்பு 1990ல் ஏற்கப்பட்டது. ஐ.சி.டி. 10 என்பது அதுதான். அதில் 'எஃப்' வரிசை மனநலம், நடத்தை, வளர்ச்சி சார்ந்தவற்றுக்கு. குழந்தை வளர்ச்சியின் பகுதி 80ல் தொடங்குகிறது.

1. எஃப் 80: பேச்சு, மொழி சார்ந்த வளர்ச்சிக் கோளாறுகள். ஒலி தெளிவாக வராதது, சொல்ல நினைப்பதை வாக்கியமாக்க முடியாதது, பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளத் திணறுவது.
2. எஃப் 81: படிப்புத் திறன் சார்ந்தவை. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், கணக்கு. டிஸ்லெக்சியா என்று ஊரில் சொல்வது இதற்குள் வரும்.
3. எஃப் 82: உடல் அசைவுகளின் ஒருங்கிணைப்பு. தசையில் பலம் இருக்கும், நரம்பில் வெளிப்படையான நோய் இருக்காது. ஆனாலும் கை கால் சொன்னபடி கேட்காது. டிஸ்ப்ராக்சியா என்ற பெயரும் இதற்கு உண்டு.
4. எஃப் 83: மேலே உள்ளவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்திருக்கின்றன, ஆனால் 'இதுதான் முதன்மை' என்று ஒன்றைத் தனியே பிரித்துச் சொல்லும் அளவுக்கு எதுவும் ஓங்கி நிற்கவில்லை.

ஆட்டிசம் எஃப் 84ல் இருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடு எஃப் 70 முதல் 79 வரை உள்ள வேறு பகுதியில். ஆகவே எஃப் 83 என்று எழுதினால் 'ஆட்டிசம் கலந்தது' என்று பொருளில்லை. கலந்திருப்பவை மொழி, படிப்பு, அசைவு ஆகிய மூன்றும்தான். அறிவுத்திறனில் ஓரளவு பின்னடைவு பெரும்பாலும் இத்துடன் சேர்ந்து காணப்படும் என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. சேர்ந்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை.

வீட்டுக் கணக்கு நோட்டில் எந்தத் தலைப்பிலும் அடங்காததை 'இதர செலவு' என்று எழுதுவோமே, அதைப் போன்ற மீதிப் பெட்டி எஃப் 83. பெட்டியின் பெயரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே எஃப் 83 எழுதப்பட்டிருக்கும். ஒருத்திக்குப் பேச்சும் வாசிப்பும் இடறும், இன்னொருவனுக்குப் பேச்சும் கைவேலையும் இடறும். இருவருக்கும் தேவையான உதவி வேறு வேறு. கடைசி வரியை விட, அதற்கு முந்தைய பக்கங்களில் இருக்கும் விவரம்தான் ரிப்போர்ட்டின் உயிர்.

தாமதம் வேறு, கோளாறு வேறு

தாமதம் என்றால் எல்லோரும் போகும் அதே பாதையில் கொஞ்சம் பின்னால் வருவது. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளைகளில் கணிசமானோர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். "ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று பாட்டிகள் சொல்வது முழுப் பொய் இல்லை. யார் எட்டுவார், யார் எட்டமாட்டார் என்பதை இரண்டு வயதில் யாராலும் அறுதியிட முடியாது என்பதுதான் சிக்கல். அதனால்தான் காத்திருக்கும் காலத்தில் பயிற்சியைத் தொடங்கிவிடச் சொல்கிறார்கள்.

கோளாறு என்றால் இடைவெளி தானாக மூடாது, அன்றாட வாழ்க்கையை இடறும். ஒவ்வொன்றையும் உறுதியாகச் சொல்ல ஒரு வயது இருக்கிறது. மொழிக் கோளாறை நான்கு, ஐந்து வயது வாக்கில்தான் நம்பிக்கையோடு சொல்ல முடியும். அசைவு ஒருங்கிணைப்புக் கோளாறை ஐந்து வயதுக்கு முன் பொதுவாகச் சொல்வதில்லை. கற்றல் குறைபாட்டைச் சொல்ல, பிள்ளை இரண்டு மூன்று ஆண்டாவது முறையாகப் படித்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கு எஃப் 83 என்று எழுதுவது அவசரம். ஐந்து வயதுக்குள் பல துறைகளிலும் பின்தங்கியிருந்தால் 'பொது வளர்ச்சித் தாமதம்' என்ற தற்காலிகப் பெயர் இருக்கிறது, அதுவே நேர்மையானது. ஆனாலும் எழுதுகிறார்கள். ஆட்டிசமா, அறிவுத்திறன் குறைபாடா என்று இன்னும் தெரியாத நிலையில் பெற்றோரைக் கலங்கடிக்காத மென்மையான சொல்லாக 'மிக்ஸ்டு' கைகொடுக்கிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த மென்மையால் மறுபரிசோதனைக்கான தேதி எழுதப்படாமல் போனால் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். டீச்சர் சொல்வதை எழுதச் சொல்கிறார்: 'கோழி கொக்கரித்தது'.

முதல் எழுத்திலேயே மூன்று கோளாறுகளும் வந்து நிற்கும். 'கோ' என்ற ஓசையில் ககரம் முன்னால், ஓகாரம் பின்னால். எழுதும்போது இரட்டைக் கொம்பு முதலில், பிறகு 'க', அதன் பிறகு கால். ஓசையின் வரிசை ஒன்று, கையின் வரிசை வேறொன்று. உயிரொலி எழுத்தின் இரு பக்கமும் பிளந்து கிடக்கிறது. வாசிப்புக் கோளாறு உள்ள பிள்ளை காலை விட்டுவிட்டு 'கே' என்று படிக்கும், அல்லது கொம்பை விட்டுவிட்டு 'கா' என்று படிக்கும். அடுத்து ழகரம். லகர, ளகர, ழகரத்தைக் காதால் பிரிக்க முடியாத பிள்ளை கண்ணால் பிரிக்க நினைத்தால், அந்தச் சுழியை வரைவதற்குள் கை சோர்ந்துவிடும். ககரத்துக்குப் பல ஒலி இருப்பது தனிக் கதை: கடல், பகல், தங்கம் மூன்றிலும் எழுத்து ஒன்றுதான், ஒலி மூன்று.

பிறகு 'கொக்கரித்தது'. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'வந்துச்சு, கத்துச்சு' என்று காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத் தமிழின் 'வந்தது, கத்தியது' கிட்டத்தட்ட வேறு மொழி. மற்ற பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்த இடைவெளியைத் தாண்டிவிடுகிறார்கள். மொழிக் கோளாறு உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு விகுதியையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் எழுத்துக்கள் புடைத்துக்கொண்டு கைக்குத் தட்டுப்படும். பென்சிலை அவ்வளவு அழுத்துகிறான். நடுவில் ரப்பர் தேய்த்துக் கிழிந்த ஓட்டை. கோட்டுக்கு மேலே பாதி, கீழே பாதி. மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கப் பக்கத்துப் பையனிடம் நீட்டுகிறவனும் இவன்தான்.

டீச்சர் பார்ப்பது ஒன்றே ஒன்று: "எழுதவே மாட்டேங்கிறான்." எது இடறுகிறது என்று கண்டுபிடிக்க வகுப்பிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள் இருக்கின்றன. நோயறிதலுக்கு இவை போதாது. யாரிடம் அனுப்புவது என்று தெரிந்துகொள்ள உதவும்.

1. எழுத வேண்டாம், வாயால் பதில் சொல்லச் சொல்லுங்கள். நன்றாகச் சொன்னால் தடை கையிலோ எழுத்துக்கூட்டலிலோ இருக்கிறது.
2. பாடத்தை நீங்கள் படித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். அப்போது விளங்குகிறது, தானே படித்தால் விளங்கவில்லை என்றால் தடை வாசிப்பில். படித்துக் காட்டியும் விளங்கவில்லையென்றால் மொழியைச் சந்தேகிக்க வேண்டும்.
3. எழுத்து அட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கச் சொல்லுங்கள். அட்டையில் சரியாக வந்து நோட்டில் மட்டும் தவறினால் தடை கையில்.

ஒற்றைக் கோளாறு உள்ள பிள்ளை ஏதாவது ஒரு சோதனையில் பளிச்சென்று மேலே வந்துவிடும். கலப்புக் கோளாறு உள்ள பிள்ளை மூன்றிலும் பாதிப் பாதி தேறும், எதிலும் பளிச்சிடாது. 'சோம்பேறி', 'ஸ்லோ' என்ற பட்டங்கள் இப்படிப்பட்ட பிள்ளைகள் மேல்தான் சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன.

ஏன் சேர்ந்தே வருகின்றன?

கருவிலேயே தொடங்கும் மூளை வளர்ச்சியில் மொழிக்கு ஒரு மூலை, கைக்கு ஒரு மூலை, படிப்புக்கு ஒரு மூலை என்று சுவர் கட்டிப் பிரித்திருக்கவில்லை. ஒரே மரபணு பல இடங்களில் வேலை செய்கிறது. இதற்குப் பேர்போன உதாரணம் லண்டனில் வாழ்ந்த ஒரு குடும்பம். மருத்துவ நூல்களில் 'கே.இ. குடும்பம்' என்று குறிப்பிடுவார்கள். மூன்று தலைமுறைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பேச்சில் கடும் சிக்கல். வாய், நாக்கு அசைவுகளை வரிசைப்படுத்துவதும் கடினம், இலக்கணமும் கடினம். 2001ல் ஏழாவது குரோமோசோமில் ஃபாக்ஸ்-பி2 என்ற ஒரே மரபணுவின் மாற்றம்தான் காரணம் என்று கண்டார்கள். பேச்சும் அசைவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. ஆனால் அந்த மாற்றம் மிக அபூர்வமானது. பெரும்பாலான பிள்ளைகளில் சிறுசிறு விளைவுள்ள பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த பிறப்பு எடை போன்றவையும் ஒரே நேரத்தில் பல துறைகளைத் தொடுகின்றன.

இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையான ஏறத்தாழ 4,000 பிள்ளைகளை நேரில் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2018ல் வெளியானது. காது கேளாமை, வலிப்பு உட்பட நரம்பு வளர்ச்சி சார்ந்த ஏதாவது ஒரு பிரச்சினை இருந்த பிள்ளைகளில், ஐந்தில் ஒருவருக்கு இரண்டோ அதற்கு மேலோ இருந்தன. சேர்ந்து வருவது அதிசயம் இல்லை என்பது இதிலிருந்து தெரியும்.

காரணம் தேடும்போது வீட்டில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவர் தாய்தான். வேலைக்குப் போனாள், போனைக் கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை. நாள் முழுக்கத் திரை ஓடும் வீட்டில் பேச்சுக்கான நேரம் குறையும் என்பது உண்மை, அது திருத்த வேண்டியதும்கூட. ஆனால் பட்டன் போட முடியாததையும் எழுத்து மறப்பதையும் போன் கொண்டுவருவதில்லை. நாக்கில் வசம்பு உரசித் தடவுவதும் நாக்கடி நரம்பை வெட்டிவிடுவதும் மொழிக் கோளாற்றைத் தீர்ப்பதில்லை. நாக்கு ஒட்டியிருந்தால் சில ஒலிகள் பிசகலாம், வாக்கியம் அமைக்கத் தெரியாமல் போகாது.

இன்னொரு பழி இருமொழி மேல். "வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க, புள்ள குழம்புது" என்று பள்ளிகள் பெற்றோருக்கு அறிவுரை சொல்வது நகரங்களில் சகஜம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் கோளாறு வருவதில்லை, கூடுவதும் இல்லை. தமிழில் கதை சொல்லத் தெரிந்த தாய் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்துக்கு மாறினால், பிள்ளை இழப்பது அந்த வீட்டில் இருந்த ஒரே செழிப்பான மொழியை.

முதலில் தள்ளிவைக்க வேண்டியவை

எஃப் 83 என்று எழுதுவதற்கு முன் சிலவற்றைப் பார்த்து 'இல்லை' என்று உறுதிசெய்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் அதற்கான வரிகள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்.

1. காது. கை தட்டினால் திரும்புகிறான் என்பது பரிசோதனை ஆகாது. உயர் சுருதி ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளையும் கைதட்டலுக்குத் திரும்பும். சளியால் நடுக்காதில் நீர் கோத்து மாதக்கணக்கில் பாதிச் செவியோடு இருக்கும் பிள்ளைகளும் உண்டு. ஓ.ஏ.இ., பெரா போன்ற முறையான பரிசோதனை தேவை.
2. கண். கரும்பலகையிலிருந்து எழுதுவது மட்டும் தவறினால் முதலில் கண்ணாடிக் கடைப் பக்கம்.
3. பின்னோக்கிப் போவது. வந்த சொற்கள் மறைந்தாலோ, நடந்த பிள்ளை நடையை இழந்தாலோ அது எஃப் 83 ஆகாது. சிலவகை வலிப்புகள் வெளியே வெட்டு இழுப்பு எதுவும் தெரியாமலே மொழியைத் தின்றுவிடும். தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
4. ஆட்டிசம். மொழிக் கோளாறு உள்ள பிள்ளைக்குச் சொல் வராது, ஆனால் விமானம் போனால் விரல் நீட்டி உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். தான் கண்டதை நீங்களும் காண வேண்டும் என்ற அந்தத் தவிப்பு இருக்கும். அது குறைவாக இருந்து, கூடவே ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் இருந்தால் ஆட்டிசத்துக்கான மதிப்பீடு வேண்டும்.
5. தசை நோய். இதைத் தனியே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண் பிள்ளை, நடை தாமதம், பேச்சும் தாமதம், அடிக்கடி விழுகிறான், மாடிப்படி ஏறத் திணறுகிறான், கெண்டைக்கால் உருண்டு திரண்டிருக்கிறது, தரையிலிருந்து எழும்போது முழங்காலில், தொடையில் கை ஊன்றித் தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுகிறான் என்றால் டுஷேன் தசைச்சிதைவு நோயாக இருக்கலாம். சி.பி.கே. என்ற சாதாரண ரத்தப் பரிசோதனை வழி காட்டிவிடும். 'அசைவு ஒருங்கிணைப்புக் கோளாறு' என்று நினைத்து ஓ.டி.க்கு அனுப்பி இரண்டு மூன்று ஆண்டு போய்விடக்கூடாத இடம் இது.

ஐ.க்யூ. எண் எங்கே ஏமாற்றுகிறது

இந்தப் பிள்ளைகளின் கதையில் மிகப்பெரிய திருப்பம் ஒரு எண்ணில் நடக்கிறது.

நுண்ணறிவுச் சோதனை மூளைக்குள் குழாய் விட்டு அளப்பது இல்லை. கேள்வி வார்த்தையாகப் போகிறது, பதில் வார்த்தையாகவோ கைச்செயலாகவோ வருகிறது. நம் ஊரில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பரவலாகப் பயன்படும் மாலின் அளவுகோலில் இரண்டு பகுதிகள். ஒன்று சொல் சார்ந்தது: பொது அறிவு, சொற்பொருள், ஒற்றுமை சொல்லுதல். மற்றது செயல் சார்ந்தது: கட்டைகளை அடுக்குதல், படத் துண்டுகளைச் சேர்த்தல், குறிகளை வேகமாக நிரப்புதல். பல பணிகளுக்கு நேரக் கெடு உண்டு.

மொழிக் கோளாறு மட்டும் உள்ள பிள்ளை முதல் பகுதியில் இழந்ததை இரண்டாவதில் மீட்டுக்கொள்ளும். அசைவுக் கோளாறு மட்டும் உள்ள பிள்ளை கட்டையில் இழந்ததைச் சொல்லில் மீட்கும். இரண்டும் உள்ள பிள்ளைக்கு உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் குறுகல். தெரிந்த விடையைச் சொல்ல வாய் ஒத்துழைக்காது, காட்டக் கை ஒத்துழைக்காது. வரும் எண் அறிவையும் தடைகளையும் சேர்த்து அளந்த எண்.

சராசரி இன்னொரு மோசடி செய்யும். சொல் பகுதியில் 72, செயல் பகுதியில் 96 வாங்கிய பிள்ளைக்குச் சராசரி 84. இரண்டிலும் 84 வாங்கிய பிள்ளைக்கும் அதே 84. முதல் பிள்ளையின் 24 புள்ளி இடைவெளிதான் நோயறிதலே. சராசரி போட்டவுடன் அது மறைந்துபோகிறது. ரிப்போர்ட்டில் மொத்த எண் மட்டும் இருந்தால் உட்பிரிவு மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள். அன்றாட வாழ்க்கைத் திறன்களைப் பெற்றோரிடம் விசாரித்து அளக்கும் வைன்லேண்ட் அளவுகோலின் முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடைக்குப் போய்ச் சில்லறை சரியாக வாங்கி வருகிற பிள்ளையின் ஐ.க்யூ. 65 என்று ஒரு தாள் சொன்னால், சந்தேகப்பட வேண்டியது தாளை.

84 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. அடுத்த பகுதியில் அது கதவைச் சாத்தும்.

சான்றிதழ்: எந்தக் கதவு திறக்கும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை அது பட்டியலிடுகிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு குறைபாடு என்ற வாசல்படி. 'கலப்பு வளர்ச்சிக் கோளாறு' அந்த 21ல் இல்லை. அதன் உறுப்புகளைத் தனித்தனியே பார்த்தால் நிலைமை இப்படி:

1. படிப்பு சார்ந்தது. 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' பட்டியலில் உண்டு. 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டியின்படி (அதற்குப் பதிலாக 2024 மார்ச்சில் புதியது வந்துவிட்டது) எட்டு வயதுக்கு மேல்தான் சான்றிதழ். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபரிசோதனை. 18ல் தருவது வாழ்நாள் முழுக்கச் செல்லும். அந்த 2018 வழிகாட்டியில் ஐ.க்யூ. 85க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுக்காகப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் வகுத்த சோதனைக்கே போக முடிந்தது.
2. மொழி சார்ந்தது. 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' என்ற பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் விளக்கத்தைப் படித்தால் குரல்வளை அகற்றல், அஃபேசியா (மூளை பாதிப்பால் பேச்சை இழப்பது) போன்றவற்றால் வரும் நிரந்தரக் குறைபாடு என்கிறது. அதை எழுதியவர்கள் மனதில் இருந்தது புற்றுநோயும் பக்கவாதமும் வந்த பெரியவர்கள். பிறவியிலேயே மொழி மெதுவாக வளரும் பிள்ளை அதில் சிரமப்பட்டுத்தான் நுழைய வேண்டும்.
3. அசைவு சார்ந்தது. ஒருங்கிணைப்புக் கோளாறு பட்டியலிலேயே கிடையாது. மூளை முடக்குவாதம் உண்டு, அது வேறு.

எஃப் 83ன் மூன்று உறுப்புகளில் தெளிவான கதவு ஒன்றுக்குத்தான். அந்தக் கதவிலும் 2018 வழிகாட்டி போட்டது 85 என்ற தாழ்ப்பாள். அதன்படி, மேலே சொன்ன 84 வாங்கிய பிள்ளைக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் கிடைக்காது. அறிவுத்திறன் குறைபாடு என்று சொல்ல எண் 70க்குக் கீழே போக வேண்டும், அதுவும் ஆகாது. நடுவில் விழுந்துவிடுகிறது. உதவி கூடுதலாகத் தேவைப்படும் பிள்ளைக்கே உதவி மறுக்கப்படும் இந்த ஏற்பாட்டை விதியின் குறை என்றுதான் சொல்ல வேண்டும், மருத்துவரின் குறை என்று சொல்வதற்கில்லை.

'கலப்பு' என்பதையும் 'பல்வகைக் குறைபாடு' என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னது சட்டச் சொல். பட்டியலில் உள்ள குறைபாடுகளில் ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் பொருந்தும். அப்போதும் விழுக்காடுகளை அப்படியே கூட்டமாட்டார்கள். பெரிய எண் 40, சிறிய எண் 30 என்றால் 90லிருந்து 40ஐக் கழித்து, அதை 30ஆல் பெருக்கி, 90ஆல் வகுத்து, 40உடன் சேர்ப்பார்கள். 70 வராது, ஏறத்தாழ 57 வரும்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று கிடைக்கிறது. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளையின் ரிப்போர்ட்டில் எஃப் 83 என்று மட்டும் இருந்தால், உள்ளடங்கிய ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர் சொல்லி, எவ்வளவு கடுமை என்று எழுதித் தரும்படி கேளுங்கள். வாசிப்புக் கோளாறு தனியே எழுதப்பட்டால்தான் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்றவற்றைக் கேட்க முடியும். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிவது கல்வி நிறுவனத்தின் கடமை என்று அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. "டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று பெற்றோர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

காசு செலவில்லாத தொடக்கப் புள்ளிகளும் இருக்கின்றன. 2013ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் கீழ் பிறப்பு முதல் 18 வயது வரையான பிள்ளைகளைப் பரிசோதித்து அனுப்பிவைக்க, அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005லிருந்து இருக்கிறது.

எதை முதலில் எடுப்பது

மூன்று கோளாறு என்றவுடன் மூன்று தெரபி, வாரம் ஆறு நாள் என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். பிள்ளை பள்ளி முடிந்து ஆட்டோவில் தூங்கியபடியே சென்டருக்குப் போகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்குவது அக்கறையாகத் தோன்றும், ஆனால் சோர்ந்த பிள்ளை எதையும் கற்காது. இந்த மாதம் பிள்ளையின் நாளை அதிகம் கெடுப்பது எது என்று கேட்டு அதை எடுக்கலாம். பொதுவாக ஐந்து வயதுக்குள் மொழி, பள்ளி தொடங்கும் வயதில் உண்பது உடுத்துவது பென்சில் பிடிப்பது, ஏழுக்கு மேல் வாசிப்பு.

மொழிக்கு வீட்டுப் பேச்சே பெரிய மருந்து. "தோசை ஊத்து" என்று பிள்ளை சொன்னால் "அப்படி இல்ல, சரியாச் சொல்லு" என்று திருத்த வேண்டாம். "ஆமா, அம்மா தோசை ஊத்தறேன். சூடா இருக்கு, பாத்து எடுத்துக்கோ" என்று அவன் சொன்னதையே கொஞ்சம் நீட்டித் திருப்பிக் கொடுங்கள்.

கைக்கு, எது வரவில்லையோ அதையே பழக்குவதுதான் பலன் தருகிறது. பந்து மேல் உருட்டுவதும் ஊஞ்சலில் ஆட்டுவதும் பிள்ளைக்குப் பிடிக்கும், ஆனால் அதனால் பட்டன் போட வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் மெலிது. பட்டன் வரவில்லையென்றால் பட்டனையே எடுக்க வேண்டும். கடைசிப் படியிலிருந்து தொடங்கலாம்: துளையில் முக்கால்வாசி நீங்கள் நுழைத்துவிட்டு, மீதியை இழுக்க மட்டும் அவனிடம் விடுங்கள். அது வந்ததும் பாதி. பிறகு முழுதும். பெரிய பிள்ளையிடம் என்ன செய்யப் போகிறாய், எப்படிச் செய்யப் போகிறாய் என்று சொல்லவைத்து, செய்தபின் எங்கே பிசகியது என்று அவனையே பார்க்கவைக்கும் முறை நன்றாக வேலை செய்கிறது.

வாசிப்புக்கு, 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்புவிக்க வைப்பதால் பயனில்லை. ஒப்புவிப்பது வாயின் வேலை. ஒரு வாரம் கால் மட்டும்: கா, பா, மா, அவற்றால் ஆன சொற்கள். அது கெட்டிப்பட்ட பிறகு கொம்பு. இரண்டும் தனித்தனியே பழகியபின் இரண்டையும் சேர்த்து 'கோ'. ஓசையைப் பிரித்துச் சேர்க்கும் விளையாட்டு கூடவே நடக்க வேண்டும். நோட்டில் எழுதுவதை வாசிப்புப் பாடத்திலிருந்து கொஞ்ச நாள் பிரித்து வைத்தால் கையின் தோல்வி கண்ணைத் தொற்றாது.

எஃப் 83 மறையப்போகிறது

உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாவது பதிப்பு 2019ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் 'கலப்பு' என்ற பெட்டியே இல்லை. மொழிக் கோளாறுகளுக்கு 6ஏ01, கற்றல் கோளாறுக்கு 6ஏ03, அசைவு ஒருங்கிணைப்புக்கு 6ஏ04 என்று தனித்தனிக் குறியீடுகள். பிள்ளைக்கு எத்தனை இருக்கிறதோ அத்தனையும் எழுதிக்கொள்ளலாம். முன்பு வேறு பகுதியில் இருந்த கவனக்குறைவு மிகைச்செயல்பாடும் 6ஏ05 என்று இதே வரிசைக்கு வந்துவிட்டது. மொழி, அசைவு, படிப்பு மூன்றும் இடறும் பிள்ளைகளிடம் அது அடிக்கடி கூடவே இருப்பதால் இது வரவேற்க வேண்டிய மாற்றம்.

மாற்றக் காலத்தில் வரும் ஒரு குழப்பத்தை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளலாம். ஐந்து வயதில் எஃப் 83 என்று ஒற்றை வரியோடு வீட்டுக்கு வந்த பிள்ளை, ஒன்பது வயதில் வேறு மருத்துவமனைக்குப் போனால் மூன்று குறியீடுகளோடு திரும்பும். அதைப் பார்த்துவிட்டு, தெரபிக்கு இவ்வளவு செலவழித்தும் ஒன்று மூன்றாகிவிட்டதே என்று தாத்தா உடைந்துபோவார். பழைய ரிப்போர்ட்டின் மூன்றாம், நான்காம் பக்கங்களைப் புதியதன் பக்கத்தில் விரித்து வையுங்கள். அன்று எத்தனை சொல் பேசினான், எத்தனை பட்டன் போட்டான், எந்த எழுத்தில் நின்றான் என்பதெல்லாம் அங்கே எண்ணிக்கையோடு இருக்கும்.